ஒரே ஆள் ஆடும் ஆட்டத்துக்கு நடுவர் எதற்கு?

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நீளமான கடிதம். முக்கியமானதை மட்டும் தருகிறேன்.

"ஐயா, 17 வருஷமாக மாவு மில் நடத்துகிறேன். ராகி, மிளகாய், மல்லி அரைப்போம். பக்கத்திலேயே கடலை எண்ணெய் ஆட்டும் செக்கும் இருக்கிறது. 15 ஹெச்.பி. கனெக்‌ஷன். இந்த வருஷம் மட்டும் ரெண்டு தடவை மோட்டார் காயில் எரிந்துவிட்டது. ராத்திரி 7 மணிக்கு மில் போர்டில் இருக்கிற வோல்ட் மீட்டரைப் பார்த்தால் 340, 350 என்று நிற்கும். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று, பலன் இல்லை. பில்லில் 5 சதவீதம் மின் வரி என்று பிடிக்கிறார்கள். அது ஒழுங்குமுறை ஆணையத்தின் செலவுக்குப் போகிறது என்று ஒருவர் சொன்னார். சென்னையில் ஒரு ஆணையம், டெல்லியில் ஒரு ஆணையம், குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் குறைதீர்ப்பாளர், இத்தனைக்கும் நம்ம காசா? போட்டியைக் கண்காணிக்கிறோம் என்கிறார்கள். நம்ம ஊரில் கரண்ட் விற்பது ஒரே ஆள். ஒரே ஆள் ஆடும் ஆட்டத்துக்கு நடுவர் எதற்கு? இதையெல்லாம் கலைத்துவிட்டால் யூனிட்டுக்கு எவ்வளவு குறையும்?"

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பதில் சின்னது. ஒரு பைசாகூடக் குறையாது.

நம் மின்கட்டணத்தை முடிவு செய்யும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் வருடச் செலவு 30 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக நானே தாராளமாகப் போட்ட தொகை இது, அவர்களுடைய வரவு செலவிலிருந்து எடுத்தது இல்லை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 10,000 கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறது. வகுத்தால் யூனிட்டுக்குப் பைசாவில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. உங்கள் மில் மாதம் 750 யூனிட் ஓட்டுகிறது என்றால் வருஷம் முழுவதற்கும் 27 ரூபாய். ஒரு கிலோ மிளகாய் அரைக்க நீங்கள் வாங்கும் கூலி கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும்.

அடுத்தது அந்த 5 சதவீதம். உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். அது மாநில அரசின் வரி. 2003ஆம் வருஷத்து மின் நுகர்வு, விற்பனை வரிச் சட்டப்படி வசூலாகி நேராகக் கஜானாவுக்குப் போகிறது. ஆணையத்துக்கென்று பில்லில் தனி வரி கிடையாது. ஆணையத்தின் பணம் எங்கிருந்து வரும் என்பதை மின்சாரச் சட்டம் 2003, 103ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. மாநில அரசு கொடுக்கும் மானியமும் கடனும் ஒரு வழி. மனுக்களுக்கும் உரிமங்களுக்கும் வசூலிக்கும் கட்டணம் இன்னொரு வழி. கட்டண உயர்வு கேட்டு மின் நிறுவனம் மனுப் போடும்போது அதற்கும் ஒரு கட்டணம் கட்டுகிறது. கட்டியதைத் தன் செலவுக் கணக்கில் எழுதிவிடும். அந்தச் செலவுதான் பிறகு உங்கள் யூனிட் விலையாக வருகிறது. ஆக, மானியமாகப் போனாலும் கட்டணமாகப் போனாலும் கடைசியில் கை நீட்டிக் கொடுப்பது நாம்தான். அந்த அளவில் உங்கள் சந்தேகம் சரி.

ஆனால் இதில் எனக்கு வேறொரு உறுத்தல் உண்டு. விற்கிற கம்பெனி அரசுடையது. அதன் மேல் தீர்ப்புச் சொல்லும் ஆணையத்துக்கு மானியம் கொடுப்பதும் அரசு. உறுப்பினர்களை நியமிப்பதும், தேர்வுக் குழு ஒன்று பெயர்களைச் சொன்ன பிறகு, அரசுதான். நடுவரின் சம்பளம் ஆட்டக்காரரின் அப்பா கொடுப்பது மாதிரி. நடுவர் யோக்கியராக இருக்கலாம். ஆனாலும் விசில் ஊதும் முன் ஒரு தடவை யோசிப்பார் இல்லையா?

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். அங்கே மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று. மாநிலம் விட்டு மாநிலம் போகும் மின்சாரமும் எரிவாயுக் குழாய்களும் அதன் பொறுப்பு. அதன் பட்ஜெட்டை நாடாளுமன்றம்தான் ஒதுக்குகிறது. ஆனால் ஒதுக்கிய தொகை முழுவதையும், தான் கண்காணிக்கும் கம்பெனிகளிடமே வருடாந்தரக் கட்டணமாக வசூலித்து ஆணையம் கருவூலத்தில் கட்டிவிடுகிறது. 2023 நிதியாண்டில் அது சுமார் 50 கோடி டாலர். அந்த நாட்டு மக்கள்தொகைக்கு வகுத்தால் தலைக்கு ஒன்றரை டாலர். கம்பெனிகள் அதையும் பில்லில் ஏற்றிவிடும் என்பது வேறு விஷயம். ஆனாலும் ஒதுக்கீடு ஒருவர் கையில், வசூல் வேறொருவரிடம் என்று பிரித்திருப்பதால், பிடிக்காத உத்தரவு வந்தது என்று பணத்தை நிறுத்திவைப்பது அவ்வளவு சுலபமில்லை.

சரி, ஒன்றரை டாலருக்கு அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? அதைவிட, கண்காணிப்பு தூங்கினால் என்ன ஆகும் என்று பார்ப்பது சுலபம். கலிபோர்னியாவில் 1998இல் மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்டார்கள். 2000, 2001இல் என்ன நடந்தது என்றால், உற்பத்தி நிலையங்கள் 'பராமரிப்பு' என்று சொல்லி நின்றன, விலை எகிறியது. மின்சாரத்தை வாங்கி விற்ற என்ரான் கம்பெனியின் வியாபாரிகள் போகாத மின்சாரம் போனதாகவும், லைனில் இல்லாத நெரிசல் இருப்பதாகவும் காட்டிக் காசு பார்த்தார்கள். ஊர் ஊராக முறை வைத்துக் கரண்ட் வெட்டினார்கள். பெரிய விநியோக நிறுவனம் ஒன்று 2001 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. மத்திய ஆணையம் முழுமையான விலைக் கட்டுப்பாட்டுக்கு வந்தது 2001 ஜூனில். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மக்கள் தலையில் விழுந்த கூடுதல் செலவு 4,000 கோடி டாலர் அளவுக்கு என்று பிற்பாடு கணக்குப் போட்டார்கள். ஆணையத்தின் 2023 பட்ஜெட்டை வைத்துப் பார்த்தால் அது 80 வருஷச் செலவு. அதற்கப்புறம்தான், 2005இல், சந்தையில் சித்து வேலை செய்தால் ஒரு நாளைக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம் போடும் அதிகாரத்தைச் சட்டம் அந்த ஆணையத்துக்குக் கொடுத்தது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் நாட்டிலும் மின்சாரத்துக்குச் சந்தை இருக்கிறது. 2008 முதல் மின்சார எக்ஸ்சேஞ்சுகள் நடக்கின்றன. நம் ஊர் காய்கறி மண்டியில் தக்காளிக்கு விலை வைப்பது போல அங்கே 15 நிமிடத்துக்கு ஒரு விலை. தமிழ்நாட்டுக்கு மாலையில் பற்றாக்குறை வந்தால் அங்கேதான் போய் நிற்க வேண்டும். 2022 மார்ச்சில் வெயில் முந்திக்கொண்டது, நிலக்கரி போதவில்லை. யூனிட் விலை அப்போதிருந்த உச்சவரம்பான 20 ரூபாயைத் தொட்டது. டெல்லியில் இருக்கிறது என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த மத்திய ஆணையம், ஏப்ரல் 1ஆம் தேதி ஓர் உத்தரவு போட்டது. 12 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அடுத்த வருஷம் அது 10 ரூபாயானது.

யூனிட்டுக்கு 8 ரூபாய் வித்தியாசம் என்றால் என்ன என்று பாருங்கள். ஒரு மாநிலம் மாலையில் 4 மணி நேரத்துக்கு 1,000 மெகாவாட் வாங்குகிறது என்று வைத்தால் 40 லட்சம் யூனிட். ஒரே சாயங்காலத்தில் 3 கோடியே 20 லட்சம் ரூபாய். நான் மேலே போட்ட 30 கோடி கணக்கு பத்தே மாலையில் மீண்டுவிடும். விலைக்குக் கூரை போட்டால் விற்கிறவர் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவர மாட்டார் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் எல்லா மாநிலமும் தவித்து வாங்கிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் கூரை இல்லாமல் விட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

'விற்பது ஒரே ஆள்' என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்கும் மில்லுக்கும் அது உண்மை. 11 கிலோவாட் சுமையை வைத்துக்கொண்டு நீங்கள் வேறு எவரிடமும் வாங்க முடியாது. ஆனால் ஓசூர் சிப்காட்டில் இருக்கும் பெரிய கம்பெனி அப்படி இல்லை. 1 மெகாவாட்டுக்கு மேல் சுமை உள்ளவர்கள் காற்றாலைக்காரரிடமோ எக்ஸ்சேஞ்சிலோ வாங்கலாம். பசுமை மின்சாரம் என்றால் 2022 முதல் 100 கிலோவாட் போதும். கம்பியை உபயோகிக்கும் வாடகையும் கூடுதல் கட்டணமும் கட்ட வேண்டும். எவ்வளவு என்பதை ஆணையம் சொல்கிறது. அந்த வாடகையைக் குறைத்துப் போட்டால் பெரிய கம்பெனிகள் வெளியே போய்விடும், அவர்கள் விட்டுப்போன செலவு உங்கள் மாதிரி ஆட்கள் தலையில் ஏறும். ஏற்றிப் போட்டால் போட்டி என்பதே பேருக்குத்தான். நீங்கள் பார்க்காத இடத்தில் உங்கள் பில் முடிவாகிற ஓர் இடம் அது.

இன்னொரு இடம், உங்களுக்குக் கரண்ட் விற்கும் அரசுக் கம்பெனி யாரிடம் எந்த விலைக்கு வாங்குகிறது என்பது. சூரிய மின்சாரத்துக்குத் தமிழ்நாட்டில் ஆணையம் தானே நிர்ணயித்த விலை ஒரு காலத்தில் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா. அந்த விலையில் 25 வருஷத்துக்கு ஒப்பந்தங்கள் போட்டார்கள். 2017இல் 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது 3 ரூபாய் 47 பைசாவுக்கு வந்தது. நடுவில் பேனல் விலை சரிந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். ஆனால் பேனல் விலை சரிகிறது என்பதை ஏலம் உடனே காட்டிக்கொடுத்தது. நாற்காலியில் உட்கார்ந்து போட்ட விலை காட்டவில்லை. ஆணையத்தின் கையெழுத்து எவ்வளவு காஸ்ட்லி ஆகும் என்பதற்கும் இதுவே உதாரணம்.

அப்புறம் நம் ஆணையம் தூங்கிய கதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஆணையத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைப்பீர்கள். தமிழ்நாட்டில் 2014 டிசம்பரில் கட்டணத்தை மாற்றினார்கள். அடுத்த மாற்றம் 2022 செப்டம்பர் 10. நடுவில் கிட்டத்தட்ட எட்டு வருஷம். கம்பெனி மனுப் போடாவிட்டாலும் ஆணையம் தானாகவே எடுத்து முடிக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரிலேயே எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. 2014இல் அப்படித் தானாக எடுத்துத்தான் கட்டணம் போட்டார்கள். அதன் பிறகு எட்டு வருஷம் அந்தக் கை எழவில்லை. விலை ஏறாதது நமக்கு இனிப்பாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் கம்பெனியின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் பக்கம் போனது. அதற்கு வட்டி கட்டுவது யார்? கடைசியில் ஒரே தாவாக உயர்வு வந்தபோது நிலைக்கட்டணத்தைப் பார்த்துச் சிறுதொழில்காரர்கள் அதிர்ந்துபோனார்கள். 2023இல் கதவடைப்புப் போராட்டம் வரை போனது. உங்கள் மில்லும் ஒரு நாள் மூடியிருந்திருக்கலாம். வருஷா வருஷம் கொஞ்சமாக, கேள்வி கேட்டுக் கேட்டு ஏற்றியிருந்தால் அந்த அடி விழுந்திருக்காது.

இன்னும் ஒரு சங்கதி. 2022இல் கட்டண மனு நடந்துகொண்டிருந்தபோது ஆணையத்தில் சட்டம் தெரிந்த உறுப்பினரின் நாற்காலி காலி. நூற்பாலைக்காரர்கள் வழக்குப் போட, அந்த நாற்காலி நிரம்பும் வரை இறுதி உத்தரவு போடக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி சொன்னார். பிறகு இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை விலக்கிய பின்தான் உத்தரவு வந்தது. ஒரு உறுப்பினருக்கான சம்பளம் மிச்சம், பல்லாயிரம் கோடி ரூபாய்க் கணக்கு கோர்ட் வாசலில். கண்காணிப்புச் செலவைக் குறைக்கச் சொல்கிறவர்களிடம் இதைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன்.

இனி உங்கள் வோல்டேஜ். கடிதத்தில் நீங்கள் ரெண்டே வரியில் எழுதிவிட்டுப் போன விஷயம் இது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

மின்சாரம் நம்பகமாக வருகிறதா என்பதைக் காவல் காக்கவும் செலவு செய்கிறோம். பெங்களூரில் தென்மண்டல மின்சுமை பகிர்வு மையம், சென்னையில் மாநில மையம். ராத்திரி பகலாக ஆட்கள் உட்கார்ந்து மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் செலவும் உற்பத்தியாளர், விநியோகக்காரர் வழியாக நம்மிடம்தான் வருகிறது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் 60 கோடிப் பேருக்கு மேல் வாழும் பகுதி இருட்டில் கிடந்தது. அப்போது தென்னகத் தொகுப்பு மற்றவற்றோடு ஒரே அலைவெண்ணில் இணைந்திருக்கவில்லை, அதனால் தப்பினோம். தப்பினோம் என்று சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த வருஷம் தருமபுரியில் தினமும் பத்து மணி நேரம் கரண்ட் இல்லை, டெல்லியில் போனதை டிவியில் பார்க்கக்கூட இங்கே கரண்ட் இருக்க வேண்டுமே! 2013 கடைசி நாளில் ரெய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக நாமும் இணைந்துவிட்டோம். இப்போது ஒருவர் தவறு செய்தால் எல்லாரும் சேர்ந்து விழலாம். ஆகையால் அங்கே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குக் கொடுக்கும் காசை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர்கள் திரையில் உங்கள் ஊர் டிரான்ஸ்பார்மர் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அலைவெண் 50, லைன்கள் எல்லாம் நலம். உங்கள் போர்டில் 340. அந்த மீட்டரைப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்.

தாழ்வழுத்த இணைப்பில் அறிவித்த வோல்டேஜிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது விதி. 415க்கு அது ஏறக்குறைய 390 முதல் 440 வரை. நீங்கள் எழுதிய 345ஐ எடுத்துக்கொண்டால் 83 சதவீதம். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு போவது, எனவே அந்த நேரத்தில் உங்கள் மோட்டாரின் முழு பலத்தில் 69 சதவீதம்தான் இருக்கிறது. ராகி மட்டும் தன் பாரத்தைக் குறைத்துக்கொள்ளுமா? அதே சுமையை இழுக்க மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடேறும், வார்னிஷ் கருகும், ஒரு நாள் வாசனை வரும். மோட்டார் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டியிருப்பீர்கள். பெரும்பாலும் அவர் மேல் தப்பில்லை.

முதலில் உங்கள் பக்கத்தைச் சரிபாருங்கள். மில் ஓடாதபோதும் அதே 345தான் இருக்கிறதா? நிறுத்தினவுடன் 400க்கு ஏறுகிறது என்றால் உங்கள் சர்வீஸ் வயரிலோ மெயின் போர்டு கனெக்‌ஷனிலோ லூஸ் இருக்கலாம். கெபாசிட்டர் வேலை செய்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், செத்த கெபாசிட்டர் நீங்களே உங்கள் வோல்டேஜை இழுத்துக்கொள்ளும் வழி. மூன்று பேஸிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பேஸ் மட்டும் அடங்கிக் கிடந்தால் கதை வேறு. இதெல்லாம் சரியாக இருந்து, மில் நின்றபோதும் மாலையில் வோல்டேஜ் இல்லை என்றால், டிரான்ஸ்பார்மருக்குத் தாங்க முடியாத சுமை அல்லது லைன் நீளம். பம்புசெட்டுகளுக்கு மும்முனை வரும் நேரமும் உங்கள் மில்லின் மாலை நேரக் கூட்டமும் ஒன்றாக விழுந்தால் இப்படித்தான் ஆகும்.

அதன் பிறகு நோட்டு. மொரப்பூர் பக்கம் மரம் அறுக்கும் மில் வைத்திருந்த ஒருவர் சில வருஷம் முன்பு என்னிடம் வந்தார். மூன்று மோட்டாருக்குக் காயில் கட்டிய பில்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார், கூடவே நிறைய கோபம். வேறு ஒரு காகிதம் இல்லை. பில்லை வைத்துக்கொண்டு வோல்டேஜ் குறைந்தது என்று எப்படி நிரூபிப்பது? அவருடைய மகள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டுக்கொண்டு, காலை 6, மதியம் 1, ராத்திரி 7, ராத்திரி 9 என்று நாற்பது நாள் எழுதினாள். மூன்று பேஸுக்கும் மூன்று பத்தி. மில் ஓடுகிறதா நிற்கிறதா என்று நான்காவது பத்தி. கரண்டே இல்லாத நேரங்களில் ஒரு சின்ன வட்டம். வாரத்துக்கு ரெண்டு தடவை மீட்டரைத் தேதியோடு செல்போனில் படம் பிடித்தாள். குறைதீர்க்கும் மன்றத்தில் அந்த நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த நான்காவது பத்திதான் காரியத்தை முடித்தது, மில் நின்றபோதும் ராத்திரி 7 மணிக்கு வோல்டேஜ் இல்லை என்று அது காட்டியது. சில மாதத்தில் புதிதாக 63 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்று வைத்துச் சுமையைப் பிரித்துக் கொடுத்தார்கள்.

அவருக்கு அதற்கு ஆன செலவு எவ்வளவு தெரியுமா? தருமபுரிக்கு ரெண்டு தடவை வந்துபோன பஸ் காசு, ஜெராக்ஸ், ரெண்டு நாள் மில் மூடல். மனுவுக்கு மன்றத்தில் கட்டணம் கிடையாது. ஆனாலும் அந்த ரெண்டு நாள் கூலி எந்த ஆணையத்தின் கணக்கிலும் ஏறாது. 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வு மீது ஆணையம் கருத்துக் கேட்டபோது கூட்டம் நடந்தது கோவை, மதுரை, சென்னையில். இங்கிருந்து கோவைக்கு நான்கு மணி நேரம். காலையில் பேச வேண்டுமானால் முந்தின ராத்திரியே பஸ் ஏற வேண்டும். பெரிய ஆலைகளின் சங்கங்கள் வக்கீல் வைத்து வாதாடும். ராகி மில்காரர் எப்படிப் போவார்? கண்காணிப்புக்கான செலவில் நான் கவலைப்படும் பகுதி இதுதான். ஆணையம் செலவழிக்கும் 27 ரூபாயை நீங்கள் கேட்கிறீர்கள். ஆணையத்தின் கதவு வரை போக உங்களுக்கு ஆகும் ஆயிரத்தை யாரும் கேட்பதில்லை. கூட்டத்துக்குப் போகாமல் தபாலிலோ மெயிலிலோ எழுத்தாக ஆட்சேபம் அனுப்பினாலும் அவர்கள் பதிவு செய்தாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அடுத்த தடவை அறிவிப்பு வந்தால் உங்கள் சங்கத்தில் சொல்லி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், நான் திருத்தித் தருகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு மாதமாவது நோட்டு எழுதுங்கள். அதன் பிரதியோடு உங்கள் பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. 1912க்குப் போன் செய்தால் கொடுக்கும் புகார் எண்ணையும் குறித்து வையுங்கள். நியாயமான நேரத்தில் எதுவும் நடக்காவிட்டால் தருமபுரி மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு மனு. கிருஷ்ணகிரிக்கு வேறு வட்டம், வேறு மன்றம், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மன்றத்தின் தலைமையில் மேற்பார்வைப் பொறியாளரே இருப்பார். அவருடைய ஆட்கள் மேலேயே அவரிடம் புகாரா என்று தயங்க வேண்டாம், டிரான்ஸ்பார்மர் ஒதுக்கச் சொல்லும் அதிகாரமும் அவரிடம்தான் இருக்கிறது. உத்தரவு சரியில்லை என்று பட்டால் 30 நாளுக்குள் சென்னை கிண்டியில் இருக்கும் மின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். அவர் கம்பெனியின் ஆள் இல்லை, ஆணையம் நியமித்தவர். நீங்கள் வருஷத்துக்கு 27 ரூபாய் கொடுக்கிறீர்களே, அதில் ஒரு பங்கு அந்த நாற்காலிக்குத்தான்.

எரிந்த மோட்டாருக்கு நஷ்டஈடு முழுசாகக் கிடைக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். சேவைத் தரக் குறைவுக்கு ஆணையத்தின் விதிகளில் இழப்பீடு உண்டு, ஆனால் தொகை சின்னது, காயில் கட்டிய கூலிக்குக் காணாது. மனுவில் அதையும் கேளுங்கள். முக்கியமாகக் கேட்க வேண்டியது டிரான்ஸ்பார்மரும் சுமைப் பிரிப்பும்.

அதுவரை மாலை 6 முதல் 9 வரை செக்கையும் மில்லையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஆம்பியருக்குச் செட் செய்து வையுங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதை ஏற்றி வைக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு, உங்கள் ரெண்டு காயிலுக்கும் அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். குறைந்த வோல்டேஜிலும் ஒரு பேஸ் போனாலும் தானே நிறுத்திவிடும் பிரிவென்டர் ஒன்று மாட்டுங்கள். வாங்கும்போது கடையில் பில் கேட்டு வாங்குங்கள். மனுவோடு அதையும் இணைக்கலாம்.